விரைவு வண்டிக்கு எத்துருத்தி ஏற்றது?

விரைவு வண்டி ஒன்றை உடையவர் அதன் இஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்ட எண்ணுங்கால், முதற்கண் கேட்பது "எவ்வகை அதிகக் குதிரைச் சக்தி தரும்?" என்பதே. விற்பவரும் அதற்கே விடை பகருகின்றனர். விளம்பரத் தாள்களும் அவ்வெண்ணையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. இக்கேள்வியே பிழையானது என்பது நம் கருத்து. இதனை முன்னிறுத்தியதால் நல்ல இஞ்சின்கள் பல உருகிப் பாழாயின; சிற்சில வேளைகளில் இஞ்சினினும் அருமையானவையும் பாழாயின. ஆதலின் இப்பொருளைச் சற்று விரித்துரைப்பது பயனற்றதாகாது. பௌதிகம் பயிலும் நம் மாணவர்க்கும், யந்திரத் தொழிலில் புகுந்து அயல்நாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் இதிற் கருத்துச் செல்லுமென நம்புகின்றோம்.

சூப்பர்சார்ஜர் என்பதற்குத் தமிழில் எச்சொல்லை ஆள்வது என்பதைப் புலவர்கள் முடிவு செய்க. யாம் துருத்தி என்றே வழங்குவோம்; கொல்லன் உலையில் அது செய்யும் தொழிலையே இஞ்சினிலும் செய்கின்றது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய எடையளவில் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டியமட்டும் செலுத்துதல் எளிது. காற்றைச் செலுத்துதலே அரிது. ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள நாலடி இஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுழலும்போது, அரைகுறையின்றி மூச்சு வாங்குமாயின், ஒரு நிமிஷத்தில் 15,000 லிட்டர் காற்றை உட்கொள்ளும். அதற்குமேல் ஒரு லிட்டரும் தானாக உட்கொள்ள அதனால் இயலாது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில் காற்றை நெருக்கி உள்ளே தள்ளினாலன்றிச் சக்தி ஏறாது. அவ்வாறு தள்ளுவதற்கு இஞ்சினின் சுழல்தண்டிலிருந்தே பெல்ட்டினாலோ பற்சக்கரத்தினாலோ ஓட்டப்பெறும் கருவியே நாம் சொல்லும் துருத்தி. வெளியேறும் புகையால் ஓடும் டர்போ அதன் உறவினன். சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற அக்கருவியே இன்று தொழிற்சாலைகளின் பெருவிருப்பம். எனினும் அதனைப் பற்றிப் பேசப் புகின் இக்கட்டுரை முடியாது.

துருத்திகளுள் மூத்தது ரூட்ஸ் வகை. அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்துக் கானர்ஸ்வில் என்னும் ஊரில் வாழ்ந்த ரூட்ஸ் சகோதரர் இருவர் 1860-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். மோட்டார் வண்டி பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே பிறந்து, உலைகளுக்குக் காற்றூதி வந்த கருவி இது. ஆகவே துருத்தி என்று யாம் சொன்னது உவமை மாத்திரமன்று. ஓர் உறையினுள் இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தீண்டாமல் எதிரெதிராகச் சுழன்று, ஒருபுறத்துக் காற்றைப் பைபையாக அள்ளி மறுபுறத்திற் கொட்டுகின்றன. அஃது உள்ளே காற்றை நெருக்குவதில்லை. இஞ்சின் விழுங்கக் கூடியதற்கு மேற்பட்டு அள்ளிக் கொட்டுவதால் வெளியே குழாயில்தான் நெருக்கம் உண்டாகின்றது. 2020-ஆம் ஆண்டின் போர்டு ஷெல்பி ஜி.டி.500 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் இஞ்சின் 5.2 லிட்டர், நாலடி இஞ்சினாதலின் ஒரு சுற்றுக்கு 2.6 லிட்டரே உட்கொள்ளும். அதன்மேல் அமர்ந்த துருத்தியோ ஒரு சுற்றுக்கு 2.65 லிட்டர் அள்ளும். இரண்டும் ஒரே வேகத்திற் சுழலின் நெருக்கம் என்பதே பெரும்பாலும் இராது. துருத்தியை இஞ்சினைவிட விரைவாகச் சுழற்றும் அளவுக்கே நெருக்கம் ஏறும். இந்த விகிதம் கீழ் வேகத்திலும் மேல் வேகத்திலும் மாறாததனால், மிதித்த கணமே பலன் கிட்டுகின்றது. ரூட்ஸ் வகையின் பெருஞ்சிறப்பு இதுவே.

பந்தயத்தில் துருத்தி வென்ற வரலாறு தோல்வியிலிருந்து தொடங்குகின்றது. 1923-இல் பிரான்சின் தூர் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்துக்குப் பியட் கம்பெனியார் துருத்தி பூட்டிய வண்டிகளை அனுப்பினர். பாதைப் புழுதியும் கல்லும் காற்றோடு உட்சென்று அவ்வண்டிகள் நின்றுபோயின. அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலியின் மான்சாவில் ரூட்ஸ் வகைத் துருத்தியுடன் வந்த அதே பியட் வெற்றி கொண்டது. கிராண்ட் பிரீயில் துருத்தி பெற்ற முதல் வெற்றி அதுவே. இதற்கு இரண்டாண்டு முன்னரே, 1921-இல் பெர்லின் கண்காட்சியில், மெர்ஸிடிஸ் கம்பெனியார் பொதுமக்கள் வாங்கும் வண்டியிலேயே துருத்தி வைத்துக் காட்டியிருந்தனர். மிதியை அடிமட்டும் அழுத்தினாலன்றி அத்துருத்தி சுழலாது. பின்னர் அவ்வண்டிகளின் பெயரே 6/25/40 என மூன்றெண்களாயிற்று: முதலாவது வரிக்கணக்கு, இரண்டாவது துருத்தியின்றி உள்ள சக்தி, மூன்றாவது துருத்தியோடு கூடிய சக்தி. வாங்குவோரிடம் இத்துணை நேர்மையாகக் கணக்கு ஒப்புவித்த பெயரை அதன்பின் யாம் கண்டிலோம்.

இனிப் பெண்ட்லி வழக்குக்கு வருவோம். துருத்தி வேண்டுமா என்பதே அங்கு எழுந்த வழக்கு. வண்டியை வகுத்த டபிள்யூ. ஓ. பெண்ட்லி துருத்தியை முற்றும் வெறுத்தார். அதிகச் சக்தி வேண்டின் இஞ்சினைப் பெரிதாக்குக என்பது அவர் கொள்கை. பந்தய வீரர் டிம் பர்க்கின் அதனை ஏற்கவில்லை. செல்வச் சீமாட்டி டாரத்தி பேஜெட்டின் பொருளுதவியுடன், ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வகுத்த ரூட்ஸ் துருத்தியை நாலரை லிட்டர் பெண்ட்லியின் முகப்பிலே பூட்டுவித்தார். 110 குதிரைச் சக்தி தந்த இஞ்சின் பாதையில் ஓடும் வண்டியில் 175-உம், பந்தய வண்டியில் 240-உம் தந்தது. 1930-இல் லெ மான் பந்தயத்தில் அவ்வண்டி மெர்ஸிடிஸைத் துரத்திய துரத்தலை இன்றும் ஆங்கிலேயர் சொல்லிச் சொல்லி மகிழ்வர். முடிவு யாதாயிற்று? மெர்ஸிடிஸ் நின்றது, துருத்திப் பெண்ட்லிகளும் நின்றன, துருத்தியில்லாத ஆறரை லிட்டர் பெண்ட்லிகளே முதலிரண்டு இடங்களையும் பெற்றன. அதே ஆண்டில் பாவ் நகரத்துப் பந்தயத்தில் பர்க்கின் அந்தப் பளுவான வண்டியைக்கொண்டே இரண்டாவதாக வந்தார் என்பதையும் மறைக்கலாகாது. அவரை வென்ற பூகாட்டியோ துருத்தி பூட்டியதே! ஆகவே இவ்வழக்கில் பெண்ட்லி கூறியது அவருடைய இஞ்சினைப் பொறுத்தமட்டில் மெய். எல்லா இஞ்சினுக்கும் விதியாகாது. துருத்தியை எண்ணியே வகுத்த இஞ்சின் வேறு. வகுத்த பின்னர்த் துருத்தி தொங்கவிட்ட இஞ்சின் வேறு. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்க. பின்னரும் இதனைக் காண்போம்.

இரண்டாவது வகை சுழல்விசைத் துருத்தி. இதழ்கள் செறிந்த சிறு சக்கரமொன்று நிமிஷத்துக்குப் பல பதினாயிரம் சுற்றுச் சுழன்று, நடுவிற் புகுந்த காற்றை விளிம்புக்கு எறிந்து, அவ்வேகத்தை அழுத்தமாக மாற்றுகின்றது. ஆகாய விமானங்களுக்கு இதுவே தக்கதாயிற்று. விமான இஞ்சின் பெரும்பாலும் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடுவது. 1938-இல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியிற் சேர்ந்த ஸ்டான்லி ஹூக்கர் என்னும் கணித வல்லுநர் மெர்லின் இஞ்சினின் துருத்தியைக் கணக்கிட்டுத் திருத்தியே அதன் சக்தியைப் பெருக்கினார். பாதை வண்டிகளில் 1932-இன் டூஸன்பர்க் எஸ்.ஜே. இவ்வகையினது, 1957-இல் போர்டு தண்டர்பர்டும் ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹாக்கும் இவ்வகையைப் பூண்டன.

இதன் குணம் ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். இது தரும் நெருக்கம் சுழல் வேகத்தின் வர்க்கத்தை ஏறக்குறைய ஒத்து வளரும். நிமிஷத்துக்கு 6000 சுற்றில் 0.6 பார் நெருக்கம் தருவது, 3000 சுற்றில் பாதியன்று, காற்பங்காகிய 0.15 பார் அளவே தரும். பொருட்காட்சியில் எழுதி வைப்பது 6000 சுற்றுக்குரிய எண். வண்டி நாள் முழுதும் ஓடுவதோ 3000-க்கு உட்பட்டு.

இக்குணம் எத்தகைய இடருக்குக் கொண்டுபோகும் என்பதற்குப் பி.ஆர்.எம். வண்டியைவிடச் சிறந்த சான்று இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயர் தம் நாட்டுப் பெருமையை நிலைநாட்ட எழுப்பிய பந்தய வண்டி அது: ஒன்றரை லிட்டர் கொள்ளளவில் பதினாறு சிலிண்டர், ரோல்ஸ் ராய்ஸ் செய்தளித்த இரண்டடுக்குச் சுழல்விசைத் துருத்தி. தாளில் அதன் சக்தி வியக்கத் தக்கது. ஆனால் அச்சக்தி சுழல் வேகம் ஏற ஏற மேன்மேலும் செங்குத்தாக ஏறுவது. வளைவிலிருந்து வெளிவரும் வண்டியின் பின்சக்கரம் சிறிதே வழுக்குமாயின் இஞ்சின் வேகம் ஏறும். வேகம் ஏறவே நெருக்கம் ஏறும். நெருக்கம் ஏறவே சக்கரம் இன்னும் வழுக்கும். ஓட்டுவோன் கால் அசையாதிருக்க, வண்டி தானே தன்னை முடுக்கிக் கொள்ளும். 1950-இல் சில்வர்ஸ்டனில் முதன்முறை வந்தபோது புறப்படும் கோட்டிலேயே நின்றுவிட்டது. அது துருத்தியின் குற்றமன்று. 1951-இன் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் ஐந்தாவதும் ஏழாவதுமாக வந்ததே உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய பந்தயங்களில் அது எய்திய உயர்வு. அதே பந்தயத்தில், இரண்டடுக்கு ரூட்ஸ் துருத்தி பூட்டி, காலன் ஒன்றுக்கு இரண்டு மைலும் ஓடாத அளவு எரிபொருள் குடித்த ஆல்பா ரோமியோவை, துருத்தியற்ற நாலரை லிட்டர் பெராரி வென்றது. ஓட்டியவர் அர்ஜென்டினா நாட்டுக் கொன்ஸாலஸ். துருத்தி தரும் சக்திக்கு எரிபொருளில் விலை உண்டு என்பதை அன்று உலகம் கண்டது.

மூன்றாவது வகை திருகுத் துருத்தி. சுவீடன் நாட்டு ஆல்ப் லிஷோம் 1930-களில் இதனைச் செவ்வையாக்கினார். ரூட்ஸ் போலவே இதற்கும் இரு சுழலிகள். ஆயின் அவை திருகாணிகள் போல் ஒன்றுள் ஒன்று புகுந்து, காற்று முன்செல்லச் செல்ல அதன் இடத்தைக் குறுக்கி உள்ளேயே நெருக்கிவிடும். ஆதலின் உஷ்ணம் குறைவு. கீழ் வேகத்திலும் பலன் உண்டு. இரண்டு வகையின் நன்மையும் ஒருங்கே பெற்றது எனலாம். குறையோ, சுழலிகளை மிக நுட்பமாகக் கடைதல் வேண்டுமாதலின் விலை மிகுதி; மெதுவாகச் செல்லும்போதும் உள்நெருக்கம் ஓரளவு நடந்தே தீருமாதலின் வீண் செலவு உண்டு. 2005-இன் போர்டு ஜி.டி. வண்டியும், 2015-இல் 707 குதிரைச் சக்தியோடு வெளிவந்த டாட்ஜ் ஹெல்காட்டும் இதனைப் பூண்டவை. ஹெல்காட்டில் துருத்தியை முழு வேகத்திற் சுழற்றுவதற்கு மட்டும் ஏறக்குறைய 80 குதிரைச் சக்தி செலவாகின்றது என்பர். ஒரு சிறு குடும்ப வண்டியின் முழுச் சக்தி அது! ஜெர்மானிய வோல்க்ஸ்வாகன் சில காலம் கையாண்ட சுருள்வகையும், பழைய தகட்டுவகையும் இப்போது பழம்பொருள் விரும்புவோர்க்கே உரியன, அவற்றை விடுவோம்.

உஷ்ணம் என்றோம்; அதனைக் கணக்கிட்டே காண்க. வெளிக்காற்று 30 டிகிரி. நெருக்கம் அரைப் பார், அஃதாவது ஒன்றரை மடங்கு அழுத்தம் எனக் கொள்வோம். குறையற்ற துருத்தியாயினும் காற்று ஏறக்குறைய 37 டிகிரி சூடேறியே தீரும். இது பௌதிக விதி. நூற்றுக்கு 75 திறமையுள்ள துருத்தியில் ஏற்றம் 50 டிகிரி. 60 திறமையுள்ளதில் 62 டிகிரி. முன்னதிற் காற்று 80 டிகிரியிலும், பின்னதில் 92 டிகிரியிலும் வெளிவரும். சூடேறிய காற்று விரியுமாதலின், அழுத்தம் ஒன்றரை மடங்காயினும் காற்றின் செறிவு பின்னதில் ஒன்றேகால் மடங்கே. முன்னதில் அதனினும் சிறிதே மிகுதி. குளிர்விப்பான் ஒன்றை இடையில் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினாலோ இரண்டிலும் செறிவு 1.4 மடங்காகும். இதனால் அறியக் கிடப்பது யாது? சிறு நெருக்கத்தில், துருத்தியின் வகையால் வரும் வேறுபாட்டைவிடக் குளிர்விப்பானால் வரும் வேறுபாடு பெரிது. வகையைப் பற்றி இரவெல்லாம் வாதாடுவோர் குளிர்விப்பானைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருப்பது நமக்கு வியப்பே.

இப்போது ஒரு மெய்யான வண்டியைக் கொண்டு முடிவு செய்வோம். அமெரிக்காவில் துருத்தி பூட்டுவோர் பலர் நாடுவது ஐந்து லிட்டர், எட்டுச் சிலிண்டர் போர்டு மஸ்டாங் ஜி.டி. அதற்கு மூவகையும் கிடைக்கும்: வோர்டெக், புரோசார்ஜர் என்போர் சுழல்விசை வகையையும், விப்பிள், கென் பெல் என்போர் திருகு வகையையும், ரௌஷ் முதலியோர் ஈட்டன் கம்பெனியின் நாலிதழ் ரூட்ஸ் வகையையும் விற்று வந்திருக்கின்றனர். நாலிதழ் என்றது, பழைய ரூட்ஸின் நேரான சுழலிகளை 160 டிகிரி முறுக்கி, இதழ்களை நான்காக்கிய திருத்தம். இதனால் பழைய ரூட்ஸின் உஷ்ணப் பழி பெரும்பாலும் நீங்கிற்று. இன்றைய ரூட்ஸைப் பழைய ரூட்ஸாக எண்ணி இகழ்வோர் அரை நூற்றாண்டுக்கு முந்திய வழக்கை இன்னும் நடத்துகின்றனர்.

சுழல்விசையை விரும்புவோர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. அது சிறிது, இஞ்சினின் பக்கத்தே பூட்டலாம், தொழிற்சாலை வைத்த காற்றுக்குழாய்த் தொகுதியை அகற்ற வேண்டுவதில்லை, குளிர்விப்பானை வண்டியின் முகத்தே வைக்கலாம். கீழ் வேகத்தில் நெருக்கம் குறைவாதலின் பிஸ்டன் தண்டுகளும் டயர்களும் பிழைக்கின்றன என்றும் அவர் கூறுவர். நீண்ட நேர்பாதையில், இஞ்சினை எப்போதும் உச்சிவேகத்தே வைத்து ஓட்டும் பந்தயக்காரனுக்கு இவையெல்லாம் நன்மையே. அவனுக்கு யாமும் அதனையே சொல்வோம்.

ஆனால் வண்டி வாங்குவோர் நூற்றுவரில் பந்தயக்காரர் எத்துணையர்? ஏனையோர் ஊர்ப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் மலைவளைவிலும் செல்பவர். அவர்க்குச் சக்தி வேண்டுவது 2000 சுற்றுக்கும் 4000 சுற்றுக்கும் இடையே. அவ்விடத்துச் சுழல்விசைத் துருத்தி உறங்குகின்றது. உறங்குவதை எழுப்ப வேண்டி அவர் கியரைக் குறைத்து இஞ்சினை 6000-க்கு ஓட்டுகின்றனர். பொதுப்பாதையில் அவ்வேகத்தை எய்தியபோது, முன்னர்ச் சொன்ன பி.ஆர்.எம். குணம் கைக்கொள்ளுகின்றது. சிறு மழை பெய்த பாதையில் இதன் விளைவை விரிக்க வேண்டுவதில்லை. ரூட்ஸோ, மிதிக்கு நேராகப் பலன் தந்து, மேலே சமமாகவே செல்லும். எவ்வளவு மிதித்தால் எவ்வளவு வரும் என்பதை ஓட்டுவோன் கால் ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளும். கீழ் வேகத்திலேயே அதன் வலு மிகுதியாதலால் டயர் வழுக்காதோ எனின், வழுக்கும். ஆனால் வழுக்கல் குறைந்த வேகத்தில் நேரும். வழுக்கியபின் சக்தி தானே பெருகாது. இவ்வேறுபாட்டையே யாம் அருமையாகக் கருதுகின்றோம். போர்டு கம்பெனியாரே தம் ஜி.டி.500-க்கு நாலிதழ் ரூட்ஸைத் தேர்ந்தனர் என்பது நம் கட்சிக்குப் பலம். திருகு வகை இதனினும் சிறிது மேலானதே. அச்சிறிதுக்கு அத்துணைப் பொருள் கொடுப்பது நெருக்கத்தை மிக உயர்த்த எண்ணுவோர்க்கே தகும்.

எனவே பாதைவண்டிக்கு நம் தீர்ப்பு: நாலிதழ் ரூட்ஸ், நீரால் குளிர்விக்கும் நல்ல குளிர்விப்பான், அரைப் பாருக்கு மேற்படாத நெருக்கம். இம்மூன்றாவதை ஒருவரும் கேட்க விரும்பார். பெண்ட்லி வழக்கில் வந்த வேறுபாடு இங்கே மீண்டும் வருகின்றது. துருத்திக்கென்றே வகுத்த ஜி.டி.500 இஞ்சினின் நெருக்க விகிதம் 9.5-க்கு 1, துருத்தியை எண்ணாது வகுத்த 2018-இன் மஸ்டாங் ஜி.டி. இஞ்சினில் அது 12-க்கு 1. சிலிண்டருக்குள்ளேயே இவ்வளவு நெருக்கப்பட்ட கலவையை, முன்னரே நெருக்கிச் சூடாக்கி அனுப்பினால், பொறியால் எழுந்த சுடர் வந்து சேருமுன் ஆங்காங்கே தானே வெடிக்கும். தொழிலாளர் நாக்கிங் என்று சொல்லும் அத்தட்டொலி சில நொடி நீடித்தாலும் பிஸ்டனின் விளிம்பு சிதையும். சிறிய கப்பி ஒன்றை மாற்றினால் நெருக்கம் ஏறும். அதன் விலையும் சொற்பம். மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். துருத்திகளால் அழிந்த இஞ்சின்களிற் பல, வகைத் தேர்விற் பிழைத்து இக்கப்பியிற் சிக்கியவை என்பது நம் துணிபு.

நம் நாட்டில் இருந்துகொண்டு இதனைச் செய்ய எண்ணும் இளைஞர் இன்னொன்றும் அறிதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உடையவர் மாற்றுவதைத் தடுக்கின்றது. பந்தயத் தளத்துக்கென ஒதுக்கிய வண்டியில் எதனையும் பூட்டிப் பார்க்கலாம். சென்னைக்கு அணித்தே இருங்காட்டுக்கோட்டையில் தளம் இருக்கின்றது. அங்கு ஓட்டுவோர் மேலே நாம் பாதைவண்டிக்குச் சொன்ன தீர்ப்பைத் தலைகீழாக்கிக் கொள்ளலாம்.

இஃது எதுவாயினும், துருத்தியின் விலையோடு கணக்கை முடித்துவிடலாகாது. அதிகப் பெட்ரோல் செலுத்தும் பம்பும் ஊசிகளும், பொறியின் காலத்தைத் திருத்தி அமைக்கும் வல்லுநரின் கூலியும், அதன்பின் பிரேக்கும், நல்ல டயர் நான்கும் அக்கணக்கில் முன்னரே ஏறுதல் வேண்டும். இவற்றுக்குப் பொருள் எஞ்சாதெனின், வாங்க எண்ணியது எவ்வகைத் துருத்தியாயினும் கடையிலேயே இருக்கட்டும். பிரேக்கையும் டயரையும் மட்டும் இவ்வாண்டே மாற்றிவிடுக.